83 பாகையில் மட்டும் ஆடிய டிஷ்: 24 அங்குல ஆக்சுவேட்டர், எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

போன கார்த்திகையில் வாங்கிப் பூட்டிய டிஷ் மோட்டர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன். வாடைக்காற்றுக் காலத்தோடு எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், சோளகம் தொடங்கிய பிறகுதான் சாமானின் உண்மைக் குணம் தெரிந்தது. இப்போது என் கணக்கு இதுதான்: மோட்டருக்கு மூன்று, அதை இயக்கும் பெட்டிக்கு மூன்றரை, பூட்ட வந்த தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து.

வாங்கியது 24 அங்குல லீனியர் ஆக்சுவேட்டர். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், முன்னும் பின்னும் நீளுகிற ஓர் இரும்புக் கை. உள்ளே ஒரு நீளத் திருகுத் தண்டு, அதைச் சுற்றுவதற்கு 36 வோல்ட் மோட்டர், தண்டு எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணுவதற்குச் சின்னதாக ஒரு காந்த சுவிட்ச். வீட்டுக்குள் ரிவிக்குப் பக்கத்தில் பொசிஷனர் என்ற பெட்டி இருக்கும், அது அந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செய்மதிக்கும் டிஷ்ஷைத் திருப்பும். இரண்டும் சேர்த்து 38,000 ரூபா, வெல்டிங் வேலையும் பூட்டுகூலியும் தனியாக 9,000. பெட்டியில் இருந்த பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. ஒரே உருப்படி வேறு வேறு பெயர் ஒட்டி வருகிற சாமான் இது, பெயரைவிட நான் கீழே சொல்லப்போகும் இடங்களைக் கையால் ஆட்டிப் பார்த்து வாங்குவதுதான் பிரயோசனம்.

டிஷ் பழையது. 2002-இல் ஏ9 வீதி திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய நாட்களில் ஐயா வாங்கிய 8 அடி அலுமினிய வலை டிஷ். அதற்கு முன்பு, நான் சின்னப் பெடியனாக இருந்தபோது, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பனை உயரத்துக்குப் பைப் நட்டு, உச்சியில் அன்டெனா கட்டி, இந்தியத் தூரதர்ஷனை இழுத்துப் பிடிப்பார்கள். ஒருவர் பைப்பைத் திருப்ப, இன்னொருவர் யன்னலுக்குள் நின்று “காணும், காணும், கொஞ்சம் திருப்பிப் பிடி” என்று கத்துவார். 1990-இல் கரண்ட் போனதோடு அதுவும் நின்றது. அன்டெனாவைத் திருப்புவது என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம்தான் காதில் கேட்கும். இந்த மோட்டரை வாங்கியதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம், மறைக்கவில்லை. மற்றக் காரணம், ஐயாவுக்கு 93.5 பாகையில் (அதாவது 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் செய்மதியில்) தூரதர்ஷன் வேண்டும், எனக்கு 83-உம் 66-உம் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து மாடிக்கு ஏறிப் போல்ட்டைக் கழற்றித் திருப்ப 78 வயது ஐயாவை விடமுடியாது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் டிஷ் மோட்டர் பூட்டுவது லண்டனிலோ ரொறன்ரோவிலோ பூட்டுவது மாதிரி இல்லை. நாங்கள் பார்க்கும் ரிவிச் செய்மதிகள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. நாங்கள் 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறோம், அதாவது அந்த வளையம் கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு மேலாகப் போகிறது. குளிர்நாடுகளில் டிஷ் அடிவானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், இங்கே கஞ்சிக் கோப்பை மாதிரி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். 83 பாகைச் செய்மதிக்கு எங்கள் வீட்டு டிஷ் 78 பாகை உயரத்துக்கு நிமிர வேண்டும், 93.5-க்கும் 66-க்கும் கூட 70 பாகைக்குக் குறையாது. மோட்டர் டிஷ்ஷுக்குச் செய்யும் போலார் தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும், அதனால் அது இங்கே வடக்குத் தெற்காக ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. அந்த அச்சுக்கு மேலே டிஷ் கிழக்கும் மேற்குமாகச் சாய்கிறது. கவிழ்த்து வைத்த ஊஞ்சலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கவிழ்த்த ஊஞ்சலில் பாரம் மேலே இருக்கும், அச்சுக் கீழே இருக்கும். நேர் உச்சியில் நிற்கும்போது அது எந்தப் பக்கமும் விழத் தயாராக நிற்கும். எங்கள் நெடுங்கோடு 80 பாகை கிழக்கு. ஆகவே அந்த உச்சிப் புள்ளி 80-இல் விழுகிறது. 83 அதற்கு மூன்றே மூன்று பாகை தள்ளி. 78.5-இல் நிற்கும் தாய்கொம் செய்மதி மறுபக்கம் ஒன்றரைப் பாகை. நாங்கள் அதிகம் தேடுகிற இடங்களிலேயே டிஷ்ஷுக்குக் காலூன்ற இடம் இல்லை.

ஆக்சுவேட்டரை நான் பட்டறையில் வைத்து அளந்தேன். லேத் வேலை செய்கிறவன் என்பதால் இந்தப் பழக்கம் விடாது, புதுச் சாமான் வந்தால் முதலில் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். தண்டுக்கும் நட்டுக்கும் இடையில் 2 மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தது. இரண்டு முனையிலும் போல்ட் போகும் துளைகள் போல்ட்டைவிடப் பெரிது, அங்கே இன்னும் ஒன்றரை. மொத்தம் மூன்றரை மில்லிமீற்றர். “இவ்வளவு பெரிய டிஷ்ஷுக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்ன பெரிய விஷயம்” என்று கடையில் சொன்னார்கள். கை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 25 சென்ரிமீற்றரில் இருக்கிறது, அந்த நெம்பில் மூன்றரை மில்லிமீற்றர் என்றால் டிஷ் 0.8 பாகை ஆடும். 8 அடி டிஷ் சி அலைவரிசையில் பார்க்கும் கதிரின் அகலம் மொத்தமே 2 பாகைக்குச் சற்று மேல். சிக்னல் தாராளமாக இருந்தால் அந்த ஆட்டம் தெரியாது, விளிம்பில் இருக்கிற சனல் என்றால் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும். அதைவிட உயர் அதிர்வெண்ணான கேயூ அலைவரிசைக்கு இதே 8 அடி டிஷ்ஷைப் பாவித்தால் கதிர் முக்கால் பாகைக்குக் கிட்டத்தான், அங்கே இந்த ஆக்சுவேட்டரை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

66-இலும் 93.5-இலும் இந்த ஆட்டம் தொந்தரவே தரவில்லை, அதுதான் முதலில் எனக்கு விளங்காமல் இருந்தது. அங்கே டிஷ் நன்றாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, அதன் பாரம் கையைத் தொடர்ந்து ஒரே திசையில் அழுத்திக்கொண்டே இருக்கிறது, தண்டின் புரி நட்டின் ஒரு முகத்தோடு ஒட்டியபடி நிற்கிறது. ஆட்டம் இருந்தாலும் ஆட இடமில்லை. 83-இல் அந்த அழுத்தம் இல்லை. மார்கழி, தையில் வாடை வீசும்போது அயல்வீட்டு மாடியும் எங்கள் மாமரமும் மறைத்துக்கொண்டதால் தப்பியது. வைகாசி கடைசியில் சோளகம் தொடங்கியதும் தென்மேற்கு வெளி என்பதால் காற்று நேரே வந்து அடித்தது, டிஷ் ‘டக், டக்’ என்று இரண்டு பக்கமும் விழுந்து எழும்பியது. இரவில் படுக்கையில் இருந்தே அந்தச் சத்தம் கேட்கும்.

இந்த மோட்டரை வாங்க முன்னும் பின்னும் நான் அதிகம் வாசித்தது தரை டிஷ்களைப் பற்றி அல்ல, மேலே செய்மதியில் இருக்கும் அன்டெனாக்களை விரித்துத் திருப்பும் பொறிமுறைகளைப் பற்றி. இரண்டும் ஒரே வேலைதான், வித்தியாசம் என்னவென்றால் அங்கே ஏணி வைத்து ஏறிப் போல்ட்டை இறுக்க ஆள் இல்லை. என் 83 பாகைப் பிரச்சினைக்கு விடை அங்கிருந்துதான் கிடைத்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதே 83 பாகையில் நிறுத்தப்பட்ட இந்தியச் செய்மதி ஜிசாட்-6. 2015 ஓகஸ்ட் 27-ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் எஸ் அலைவரிசை அன்டெனா 6 மீற்றர் விட்டம், குடை மாதிரி விரிவது, இந்தியா அதுவரை செய்மதிக்காகச் செய்ததில் பெரியது. ரொக்கற்றின் மூக்குக் கூட்டின் விட்டம் 3.4 மீற்றர்தான். ஆகவே மடித்துக் கட்டித்தான் அனுப்பமுடியும். ரொக்கற் அதிரும்போது ஆடாமல் இருக்க அன்டெனாவைச் செய்மதியின் உடலோடு பல இடங்களில் போல்ட்டால் இறுக்கிப் பிடிப்பார்கள். மேலே போனதும் சிறு வெடிமருந்தால் அந்தப் போல்ட்டை வெட்டுவார்கள், அல்லது பிடித்திருக்கும் நாரைச் சூடாக்கி அறுப்பார்கள், நிக்கல் தைத்தானியக் கலப்புலோக உருளையைச் சூடாக்கி அது நீளும்போது போல்ட்டை முறிக்கிற வழியும் உண்டு. பிடி விட்டதும் சுருள்வில்லோ மோட்டரோ கையை வெளியே தள்ளும். வேகமாக வந்து அடிபடாமல் தணிக்கும் பொறி ஒன்று பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் நடக்கப்போவது ஒரே ஒரு தடவை.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது பிறகு வரும் வேலை. விரிந்த பிறகு அன்டெனா எங்கே பார்க்கிறது என்பதைச் சிறு சிறு அடியாகத் திருத்த வேண்டும். மேலே 0.1 பாகை பிசகினால் பூமியில் கதிர் விழும் இடம் 60 கிலோமீற்றருக்கு மேல் நகரும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாகக் கிளிநொச்சிக்குப் போகிற தூரம். அதோடு ஒரு நாளுக்குள் வெயில் ஒரு பக்கம் மாறி மறு பக்கம் படும்போது அன்டெனாவைத் தாங்கும் கையே கொஞ்சம் வளையும். சிறு சிறு கதிர்களாகப் பிரித்து அனுப்புகிற செய்மதிகளில், தரையிலிருந்து வரும் அடையாளச் சமிக்ஞையைப் பார்த்துப் பார்த்து இந்தப் பிசகை நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கும் அமைப்புகளும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் என் ஆக்சுவேட்டரில் இருக்கிற மாதிரி ஆட்டம் இருந்தால் எல்லாம் வீண்.

அதற்கு அவர்கள் அதிகம் பாவிப்பது ஹார்மோனிக் டிரைவ் என்ற பல்லுச்சக்கர அமைப்பு. மெல்லிய உருக்குக் கிண்ணம் ஒன்று, அதன் வெளிப்புறத்தில் பல்லு. அது போய் உட்காரும் கனமான வளையத்தின் உட்புறத்தில் இரண்டே இரண்டு பல்லு அதிகம். கிண்ணத்துக்குள் முட்டை வடிவக் கட்டை ஒன்று சுழலும், அது கிண்ணத்தை நெளித்து எதிரெதிராக இரண்டு இடத்தில் வளையத்தோடு பல்லுக் கடிக்க வைக்கும். கட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கிண்ணம் இரண்டு பல்லு மட்டுமே பின்னால் நகரும். கிண்ணத்தில் 200 பல்லு என்றால் மோட்டர் நூறு சுற்றுச் சுற்ற வெளியே ஒரு சுற்று. ஒரே நேரத்தில் நிறையப் பல்லுகள் இரு பக்கமும் கடித்துக்கொண்டிருப்பதால் ஆட்டம் என்பது ஏறக்குறைய இல்லை. 1950களில் மசர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது, சந்திரனில் ஓடிய அப்பலோ வண்டியின் சக்கரங்களிலும் இதுதான் இருந்தது. முப்பது வருடமாகப் பல்லு வெட்டுகிற எனக்கு, உருக்கை வேண்டுமென்றே நெளிய விட்டு ஆட்டத்தை இல்லாமலாக்கலாம் என்ற அந்த யோசனையைப் படித்த அன்று நித்திரை வரவில்லை.

38,000 ரூபா சாமானில் அதைக் கேட்கமுடியாது, அது நியாயமும் இல்லை. ஆனால் பல்லுச்சக்கரத்தில் ஆட்டத்தைக் கொல்ல இன்னொரு பழைய வழி இருக்கிறது: ஒரு வில்லைப் போட்டு எப்போதும் ஒரே பக்கம் இழுத்துப் பிடிப்பது. புரியும் நட்டும் எந்நேரமும் ஒரே முகத்தில் ஒட்டியிருக்கும். 66-இலும் 93.5-இலும் தானாக நடப்பதை 83-இல் நாங்களாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதை நான் தாளில் கீறிக்கொண்டு இருந்தபோது ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்டார், “துலாவுக்குப் பின்னால என்னத்துக்குக் கல்லுக் கட்டுறனாங்கள்? அதைப்போல ஒண்டைக் கட்டிவிடு.” கிணற்றுத் துலாவில் கல்லுக் கட்டுவது சமன்படுத்த, நாங்கள் கட்டப்போவது சமனைக் கெடுக்க. ஆனாலும் வில்லைத் தேடி அலைவதைவிடப் பாரம் கட்டுவது சுலபம் என்று அப்போதுதான் உறைத்தது. வில்லு உப்புக்காற்றில் கறள் பிடிக்கும், பாரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பூட்டிய தம்பியைக் கூப்பிட்டேன். இந்த இடத்தில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே டிஷ் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். முதல் நாள் அவர் தாங்கியை வெல்டிங் செய்து கொண்டுவந்தபோது அச்சின் சாய்வைச் சென்னைக்குரிய 13 பாகைக்கு வைத்திருந்தார், அவர் வேலை பழகிய இடத்தில் அந்தக் கணக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் 83-இலும் சரி, கிழக்கு மேற்கு ஓரங்களிலும் சரி, டிஷ் வளையத்துக்குத் தெற்கே தள்ளியே பார்த்தது, எதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் நடுவிலும் ஓரங்களிலும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பார்த்தால் முதலில் அச்சுச் சாய்வைப் பாருங்கள், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 9.7 என்று காட்டியதும் மனுசன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, தாங்கியைக் கழற்றி எடுத்துப்போய் அடுத்த நாள் காலை திருத்திக் கொண்டுவந்தார், அதற்குத் தனிக் காசும் கேட்கவில்லை. டிஷ்ஷின் முகத்தை அச்சிலிருந்து தெற்கே இன்னும் 1.7 பாகை சாய்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து வைத்தோம். அன்று பின்னேரமே 66 முதல் 93.5 வரை ஒன்றும் தப்பாமல் கிடைத்தது.

இந்த முறை மேற்குப் பக்கமாக அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்றை நீட்டி, அதன் நுனியில் இரண்டு முனையும் அடைத்த மண் நிரப்பிய பைப் துண்டைக் கட்டினார். 6 கிலோவில் தொடங்கினோம், அதுவே போதுமாக இருந்தது. டிஷ் எங்கே நின்றாலும் அதற்கு மேற்கே விழத்தான் ஆசை, ஆக்சுவேட்டர் எப்போதும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. அன்றிரவு சோளகம் நன்றாக வீசியது, ‘டக்’ சத்தம் இல்லை. 83-இல் படம் இன்றுவரை உடையவில்லை. இதற்கு விலையும் உண்டு: 66-இலிருந்து கிழக்கே திரும்பும்போது டிஷ்ஷின் பாரத்தோடு இந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும், மோட்டர் முனகுகிறது, வேகமும் குறைந்துவிட்டது. 18 அங்குலச் சின்ன ஆக்சுவேட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

துலா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. செய்மதி அன்டெனாக்களைப் பூமியில் சோதிக்கும்போது அவற்றின் கீல்களும் மோட்டர்களும் அவற்றின் சொந்தப் பாரத்தையே தூக்கமாட்டா, மேலே பாரமே இல்லாத இடத்துக்கென்று செய்தவை. அதனால் கயிறும் கப்பியும் போட்டு, மறுமுனையில் எதிர்ப்பாரம் தொங்கவிட்டு, பாரம் இல்லாத மாதிரி ஆக்கி விரித்துப் பார்ப்பார்கள். ஐயாவுக்கு இதைச் சொன்னேன். “பிறகென்ன, அவங்களும் துலாதான் வச்சிருக்கிறாங்கள்” என்றார்.

அடுத்தது எண்ணெயும் கிறீசும். இந்த ஆக்சுவேட்டர் வந்தபோது உள்ளே கிறீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நட்டுக்கு இரண்டு பக்கமும் காய்ந்த மஞ்சள் பசை கொஞ்சம். வாங்குகிறவர்கள் பூட்ட முன்பே கழற்றித் துடைத்து நல்ல கிறீஸ் போடுங்கள். குழாய் வாயில் இருக்கும் ரப்பர் வளையமும் தளர்ந்து இருந்தது, அதை மாற்றினேன், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு உள்ளே தண்ணீர் போய் அடுத்த வருடம் கறளால் தண்டு இறுகிவிடும். இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு பெரிய இடத்தையும் விழுத்தும் என்பதற்கு கலிலியோ விண்கலம் சாட்சி. 1989 ஒக்ரோபரில் வியாழனை நோக்கிப் போனது, 4.8 மீற்றர் வலை அன்டெனா, 18 விலா எலும்புகள் கொண்ட குடை. 1991 ஏப்ரலில் விரிக்கச் சொன்னார்கள், சில விலாக்கள் நடுத்தண்டை விட்டு வரவில்லை. கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையில் லொறியில் கொண்டுபோய்க் கொண்டுவந்தபோது ஏற்பட்ட அதிர்வில், பிடி ஊசிகளில் பூசியிருந்த உலர் மசகு தேய்ந்துபோனதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மோட்டரை விட்டு விட்டு ஓட்டி 13,000 தடவைக்கு மேல் தட்டிப் பார்த்தும் திறக்கவில்லை. கடைசிவரை சின்ன அன்டெனாவாலேயே செய்தி அனுப்பி, வினாடிக்கு 134,000 பிற் என்று திட்டமிட்டிருந்த இடத்தில் உச்சமாக 160 பிற்றோடு வேலையை முடித்தார்கள். வெற்றிடத்தில் எங்கள் கிறீஸ் ஆவியாகிப் போய்விடும், அதனால்தான் மொலிப்டினம் டைசல்பைட் மாதிரி உலர் பூச்சுகள். நாங்கள் இருக்கும் இடத்திலோ கிறீஸ் ஆவியாகாது, ஆனால் கடல் உப்பு வரும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு பகை.

இந்தத் துறை இன்னும் முழுதாகத் தீர்ந்துபோன ஒன்றல்ல. இந்தியாவின் இன்சாட்-1ஏ 1982-இல் மேலே போனபோது சி அலைவரிசை அன்டெனா முதலில் திறக்க மறுத்தது, பிறகு ஒருவாறு விடுவித்தார்கள், ஆனால் வேறு கோளாறுகளால் அந்த வருடம் செப்டெம்பரோடு அது போய்விட்டது. நாற்பது வருடம் கழித்து, 2023-இல், வியாசாட்-3 வரிசையின் முதற் செய்மதியில் பெரிய அன்டெனா சரியாக விரியாததால் எதிர்பார்த்த கொள்ளளவில் பத்திலொன்றுகூடக் கிடைக்கவில்லை. இவர்கள் எல்லாம் விரிக்கும் விசை தடைவிசையைப் போல பல மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்கிறவர்கள், குளிரில் விறைத்துப்போகும் வயர்க் கட்டின் தடையைக்கூடக் கணக்கில் எடுப்பவர்கள்.

வயர் என்றதும் என் பெட்டியைப் பற்றிய குறையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வாரமும் 83-இன் எண்ணிக்கை மூன்று நான்கு தள்ளிப் போனது. கடையில் கொடுத்த சாதாரண வயரில் மோட்டர் வயரும் எண்ணும் வயரும் ஒன்றாக ஓடியதால் மோட்டரின் இரைச்சலையும் பெட்டி சுற்றாக எண்ணியிருக்கிறது. எண்ணும் வயரைத் தகடு சுற்றிய வயராக மாற்றி, தகட்டைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்ததும் நின்றது. இதைப் பாவனைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். காந்த சுவிட்ச் ஒன்று நான்காம் மாதம் பழுதானது, உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள், ஆனால் மூன்று தரம் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது, முதல் இரண்டு தரமும் “நாளைக்கு வாங்கோ” தான். டிஷ் நகரும்போது கரண்ட் போனால் எண்ணிக்கை குழம்பும், அப்போது ஒரு ஓரத்து லிமிட் வரைக்கும் ஓட்டிப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியின் நல்ல பக்கம், ஐயாவே ரிமோட்டில் ஓர் எண்ணை அமத்தி மாற்றக்கூடிய அளவுக்கு எளிது.

நேர்ப்படுத்தல் சரியா என்று பார்க்க மீற்றர் எதுவும் வாங்கத் தேவையில்லை. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் சில நாட்களுக்குச் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வரும், படம் சில நிமிடம் மங்கிப்போகும். 83-க்கு அது மார்ச்சில் எங்கள் ஊரில் பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில். அந்த நேரம் மாடிக்குப் போய்ப் பாருங்கள், எல்.என்.பி.யின் (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கருவி) நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்தால் உங்கள் டிஷ் செய்மதியை நேராகப் பார்க்கிறது. எங்களுடையது மார்ச்சில் கொஞ்சம் மேற்கே விழுந்தது. அன்றைக்கே எண்ணிக்கையைத் திருத்தினேன்.

இப்போது சிலர் கேட்கக்கூடும், ஸ்டார்லிங்க் வந்துவிட்டது, இனி இந்த மோட்டர் எதற்கு என்று. 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் அதன் சேவை இருக்கிறது, தட்டையான பலகை, கதிரை மின்னணு முறையிலேயே திருப்புகிறது, பல்லும் இல்லை, ஆட்டமும் இல்லை. நண்பர் வீட்டில் பார்த்தேன், உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் அது இணையம், மாதக் காசு. இங்கே ஒருமுறை செலவழித்தால் வானத்தில் இலவசமாக வருவது முழுக்க எங்களுக்கு.

ஆகவே யார் வாங்கலாம்? 66, 68.5, 93.5, 100.5 என்று உச்சியிலிருந்து தள்ளி நிற்பவை மட்டும் போதும் என்றால் இந்த ஆக்சுவேட்டரை அப்படியே வாங்கலாம், கிறீசும் வயரும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 83-உம் 78.5-உம் வேண்டும் என்றால் பாரம் கட்டத் தயாராக இருங்கள். வலை இல்லாத முழுத் தகட்டு டிஷ் வைத்திருப்பவர்கள், அதுவும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கடலைப் பார்த்த மாடியில் இருப்பவர்கள், 36 அங்குலத்துக்குப் போங்கள்.

முனைத் துளைகளுக்கு நான் பித்தளைப் புஷ் கடைந்து இறுக்கிவிட்டேன், அந்த ஒன்றரை மில்லிமீற்றர் இப்போது இல்லை. தண்டின் 2 மில்லிமீற்றர் மட்டும் மிச்சம், அதற்கு இரட்டை நட்டுப் போட்டு நடுவில் வில்லு வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். புஷ்ஷின் அளவும் பாரக் கம்பியின் படமும் வேண்டுபவர்கள் கேளுங்கள், தருகிறேன். செப்டெம்பர் கடைசியில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இதன் கீழேயே எழுதுகிறேன்.